காலால் பிறந்தவளின் முழங்கால்

முழங்காலின் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, ‘எத்தனை மாதத்தில் ஆடலாம்’ என்று கைபேசியில் தேடிக்கொண்டிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் தேடினேன். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. தேடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் கேட்க மாட்டீர்கள்.

எனக்கு முதலில் வந்தது வலி அல்ல, சத்தம். பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு மைதானத்தில் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி கால்பந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் இடது ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரி. பந்தோடு ஓடிவந்து, எதிரே வந்தவளை ஏமாற்றிவிட்டு உள்ளே திரும்பினேன். உடம்பு திரும்பியது. இடது பாதம் மட்டும் மண்ணிலேயே நின்றுவிட்டது. முழங்காலுக்குள் டொக்கென்று கேட்டது. யாரும் என்னைத் தொடவில்லை, அதனால் நடுவர் விசிலும் அடிக்கவில்லை.

கீழே விழுந்தவள் எழுந்து நடந்தேன். முதல் சில நிமிடங்கள் நடக்க முடியும் என்பதுதான் இந்தக் காயத்தின் பெரிய மோசடி. ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனேன். அடுத்த தடவை திரும்பியபோது முழங்கால் மடங்கி என்னைக் கீழே தள்ளியது. வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கால் வீங்கி, பேண்ட்டைக் கழற்ற முடியவில்லை. அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டினாள்.

“புதுப் பேண்டுடி” என்று வெட்டும்போதே புலம்பினாள். காலைப் பார்த்ததும் புலம்பல் நின்றது.

அந்த வருடம்தான் சென்னையில் ஒரு மகளிர் கிளப் என்னை வரச் சொல்லியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து வேலைக்காகச் சென்னை போனவர்கள் உண்டு, சிங்கப்பூர் போனவர்கள் உண்டு. என் அப்பா அம்மா தலைமுறைவரை அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள்தான் எல்லோரும். பந்து உதைப்பதற்காக ஊரைவிட்டுப் போகவிருந்தவள் நான் ஒருத்தி. அதனால், ‘மறுபடி ஆடுவேனா’ என்பதுதான் அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான்.

தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவசரமே தெரியாத மனிதர். எனக்கு அவர் கையிலிருந்து படத்தைப் பிடுங்கலாம் போல இருந்தது.

“ஏ.சி.எல். முழுசா அறுந்துருக்கு” என்றார். (ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருப்பது. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது காலை நிலைநிறுத்துவது அதுதான்.)

“நடக்குறதுக்கு இது இல்லாமலும் சமாளிச்சுக்கலாம். ஓடித் திரும்புறதுக்கு இது வேணும். நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“ஆடணும் சார்.”

“அப்ப ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“எப்ப ஆடலாம் சார்?”

“ஒன்பது மாசம் கழிச்சு இந்தக் கேள்விய கேளுங்க” என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, அறுந்ததற்குப் பதிலாக முழங்காலுக்குள் பொருத்தினார்கள். (இப்படிப் பொருத்துவதை கிராஃப்ட் என்கிறார்கள். பெரிதாக வெட்டுவதில்லை; சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்கிறார்கள்.) பக்கத்துத் திரையில் என் முழங்காலின் உட்புறம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. இடுப்புக்குக் குறுக்கே மறைத்திருந்த துணிக்கு அந்தப் பக்கம் இருந்த என் கட்டைவிரலை அசைக்க முயன்றுகொண்டிருந்தேன். அது அசைகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம் சும்மா இல்லாத கால்கள் அவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு வீடு. சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. படுத்தபடியே பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தேன். அம்மா பந்தைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தாள். தலையணையை எறிந்து பிடித்தேன். மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் அழுக்கு அதிகம் என்று கண்டுபிடித்து, இதைத் துடைக்காமல் எப்படி இந்த வீட்டில் இருக்கிறாய் என்று அம்மாவோடு சண்டைக்குப் போனேன்.

“உக்காந்த எடத்துலேருந்தே வீட்ட ரெண்டாக்குறா” என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொன்னாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் தஞ்சாவூருக்கு பிசியோதெரபிக்குப் போனேன். பஸ்ஸில் அல்ல, சித்தப்பாவின் பைக்கில். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அவருடைய தம்பிதான் என்னை முதன்முதலில் மைதானத்துக்கு அழைத்துப்போனவர். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை. அறுவடைக் காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போதும் என்னை ஏற்றிக்கொண்டு போய், காலை நீட்டி உட்கார வசதியாகப் பின்னால் ஒரு மூங்கிலைக் கட்டி, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

பிசியோதெரபிஸ்ட் நஸ்ரினுக்கு என் வயதுதான். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொன்னாள். அவ்வளவுதான் பயிற்சி. எனக்கு அவமானமாக இருந்தது. போன மாதம்வரை மைதானத்தை நூறு தடவை சுற்றியவளிடம் துண்டை அழுத்தச் சொல்கிறாள். அழுத்தினேன். தொடை அசையவில்லை. சதை என் சொல்லை மறந்துபோயிருந்தது.

“சிரிப்பா இருக்கா?” என்றாள் நஸ்ரின். “அழுத்துங்க. நாளைக்கும் இதேதான்.”

இரண்டு மாதம் தாண்டியதும் வீக்கம் வற்றியது, வலி போனது. நொண்டாமல் நடந்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நன்றாகிவிட்டது போல் தெரிகிற இந்தக் காலம்தான் மோசமான காலம். மருத்துவர் என்னிடம் இதைச் சொல்லத்தான் செய்தார். அவரும் டெல்டாக்காரர்.

“நாத்த நட்டுட்டு வந்து கரையிலேருந்து பாத்தா நல்லாத்தான் நிக்கும். அப்பறம் வெளுத்துப் போகும். வேர் புடிச்ச பெறகுதான் பச்ச கட்டும். நடுவுல எவனாச்சும் எறங்கி மிதிச்சான்னா போச்சு. உங்க கால்ல வச்சதும் இன்னும் வேர் புடிக்கல. நீங்க மிதிச்சிடாதீங்க.”

தலையாட்டினேன். ஓட மாட்டேன், குதிக்க மாட்டேன், பந்தைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அத்தனையையும் காப்பாற்றினேன். இன்னொன்று இருந்தது. அதை மருத்துவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நான் காலால் பிறந்தவள். பிரசவத்தில் தலைக்குப் பதிலாக என் பாதங்கள்தான் முதலில் வெளியே வந்தன. அப்படிப் பிறந்தவர்கள் காலால் முதுகைத் தடவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிடிப்பு வந்தவர் வாசலில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நான் அவர் இடுப்பிலிருந்து மேலே மூன்று தடவை பாதத்தால் தடவிவிட வேண்டும். பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் பிடிப்பு மறுபடி வந்துவிடும்.

சின்ன வயதிலிருந்தே இதைச் செய்து வந்தேன். நடவுக் காலத்தில் பெண்கள் வருவார்கள், அறுவடையில் மூட்டை தூக்குகிறவர்கள் வருவார்கள். மற்ற நாளில் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்காத பெரிய வீட்டுக்காரர்கள்கூட, இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்தியில் வந்து என் காலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு குஷி இருந்ததை மறைக்கப் போவதில்லை. என் கால்மீது எனக்கிருந்த நம்பிக்கை பந்தில் மட்டும் வந்ததல்ல.

ஒருநாள் காலை சித்தப்பா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி குனிந்தபடி வாசலுக்கு வந்தார்.

“என்னா சித்தப்பா?”

“லாரியில மூட்ட ஏத்துறப்ப புடிச்சுகிச்சு. நிமிர முடியல. நேத்து இங்க வச்ச வண்டிச் சாவிய மட்டும் குடு, வலங்கைமான் போயி ஒரு ஊசி போட்டுகிட்டு வந்துர்றேன்.”

“வீட்லயே வச்சுகிட்டு எதுக்குத் தம்பி ஊசி?” என்றாள் அம்மா. “கலை தடவி வுடட்டும்.”

“வேணாம் அண்ணி. அது காலு மொதல்ல சரியாவட்டும்.”

“இடது காலுதான ஆபரேசன் பண்ணது? வலது காலு நல்லாத்தான இருக்கு. அதால தடவட்டும்.”

“நான் செய்றேன் சித்தப்பா. திரும்பி நில்லுங்க” என்றேன். இரண்டு மாதமாக யாருக்கும் உதவாமல் கிடந்த கால். அதற்கு ஒரு வேலை வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தடவுகிற காலைப் பற்றித்தான் நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம். நிற்கிற காலைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

சித்தப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினார். நான் சுவரில் ஒரு கையை ஊன்றி, இடது காலில் நின்று, வலது பாதத்தால் ஒரு தடவை தடவினேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை பாதம் மேலே போகும்போது அவர் முதுகில் ஏதோ விட்டது போலிருக்கிறது. ஆ என்று படக்கென நிமிர்ந்தார். என் வலது கால் அவர் முதுகோடு விலகியது. உடம்பு அதோடு திரும்பியது. இடது பாதம் சிமென்ட் தரையிலேயே நின்றது. பேராவூரணியில் கேட்ட அதே சத்தம் மறுபடி கேட்டது.

நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை. சித்தப்பா வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் படியிறங்கித் தெருவில் நடந்துபோனார், நன்றாக நிமிர்ந்து. அம்மா அவரைக் கூப்பிட வாயெடுத்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் அவர் திரும்புவார், திரும்பினால் பிடிப்பு வந்துவிடும். அவர் தெருமுனை தாண்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மருத்துவர் இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். படத்தை மேசைமேல் வைத்தார்.

“எங்க வீட்லயும் செய்வாங்க” என்றார். “எனக்கே தோணல, உங்ககிட்ட கேக்கணும்னு.”

பொருத்திய தசைநார் அறுந்திருந்தது. இந்தத் தடவை மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. (மெனிஸ்கஸ் என்பது முழங்காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு. அதை ஒருமுறை வெட்டி எடுத்தால் மறுபடி வளராது.) அதில் கொஞ்சத்தை வெட்டி எடுத்தார்கள். புதிய தசைநாரை நல்ல காலான வலது காலிலிருந்து எடுத்தார்கள். இப்போது எனக்கு நல்ல கால் என்று ஒன்று இல்லை. சென்னைக் கிளப் எனக்காகக் கொஞ்ச நாள் காத்திருந்தது, பிறகு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டது. அவள் நன்றாக ஆடினாள். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

முதுகைத் தடவிய அன்று மாலைதான் சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. முதலில் சில நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை. பிறகு தினமும் வந்தார். வந்து என் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார்.

“எம் முதுகு ஒடிஞ்சே போயிருந்தாகூட பரவால்ல கலை” என்றார் ஒருநாள்.

“விடுங்க சித்தப்பா. அடுத்த வருஷம் ஆடத்தான் போறேன்.”

அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போதே அவர் முதுகு எவ்வளவு நேராக இருக்கிறது என்று பார்த்தேன். எரிச்சலாக இருந்தது. அம்மாவும் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், ‘அடுத்த வருஷம் ஆடுவா’ என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு ஒரே ஒரு நன்மை கிடைத்தது. என் காலில் இருந்த சக்தி போய்விட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பி, இடுப்புப் பிடித்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆடினேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்கு மேலான பிறகு தஞ்சாவூர் அணி ஒன்றில் இறங்கினேன். முதல் ஆட்டத்தில் பந்து என் காலுக்கு வந்தபோது உடம்பு முழுக்கச் சிரித்தது போல இருந்தது. ஆனால் அதன் பிறகு நான் ஆடிய நாட்களைவிட ஆடத் தயாரான நாட்கள்தான் அதிகம். தசைநார் எடுத்த வலது தொடை பிடித்துக்கொண்டது. அது சரியானால் இடது முழங்கால் வீங்கியது. ஊசியால் நீரை எடுப்பார்கள், ஓய்வு, மறுபடி துண்டை அழுத்து, மறுபடி மைதானம், மறுபடி வீக்கம். நான்கு ஆட்டம் சேர்ந்தாற்போல் ஆடினால் எனக்கே பயம் வரும். உட்கார்ந்து எழும்போதுகூட எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று யோசிப்பேன். ஆட்டம் முழுக்க என் முழங்காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். பந்தை எப்போது கவனித்தேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது ஸ்கேனுக்குப் பிறகு மருத்துவர் சொன்னார்: “ஆடினா ஆடலாம். உங்கள யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா உள்ள மிச்சமிருந்த மெத்தயும் தேஞ்சுபோச்சு. எலும்பும் எலும்பும் ஒரசுது. நாப்பது வயசுல படியேற முடியாதுன்னா நீங்க என்கிட்ட வந்து சண்ட போடக்கூடாது.”

“கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டுப் பாக்கறேன் சார்.”

அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த ஓய்வுக் காலத்தில்தான் என் பழைய கல்லூரியிலிருந்து உடற்கல்வி ஆசிரியை கூப்பிட்டார். பெண்கள் அணிக்கு மேனேஜர் வேண்டுமாம். சித்தப்பாவுக்கு ஒரே பெருமை.

“மேனேஜர்னா தனி ரூம் குடுப்பாங்கள்ல?” என்றார்.

எங்கள் பக்கத்தில் மேனேஜர் என்றால் என்னவென்று சொல்கிறேன். வெளியூர்ப் போட்டிக்கு எல்லோருடைய அடையாள அட்டையையும் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும். வேன்காரரோடு சண்டை போட வேண்டும். பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்களா, யாருக்கு வயிற்றுவலி, யாருக்கு நாப்கின் வேண்டும், யாருடைய அப்பா போன் செய்து எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்கிறார், எல்லாம் மேனேஜர் தலையில். நஸ்ரின் ஒருமுறை கைபேசியில் ஒரு இங்கிலாந்துக்காரரைக் காட்டினாள். ஆடிய காலத்தில் பாதியை என்னைப்போலவே சிகிச்சை அறையில் கழித்தவராம், இப்போது பெரிய அணிக்கு மேனேஜராம். மைதானத்தின் எல்லைக் கோட்டோரம் கோட்டு சூட்டோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். கத்திவிட்டுக் குனிந்து தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மற்றபடி அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவர் வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க மாட்டார்.

மேனேஜர் வேலையோடு பயிற்சி கொடுக்கும் வேலையும் மெல்ல என்னிடமே வந்தது. விடுமுறையில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால், அங்கே நெல் மூட்டைகள் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் இடம் போதாமல் மைதானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி அடுக்கித் தார்ப்பாய் போட்டிருப்பார்கள். மீதி இடத்தில் நெல் காயும். ஓரமாகக் கிடைத்த நீளமான சந்தில் பயிற்சி கொடுத்தேன். பந்து நெல்லுக்குள் போனால் அதை அனுப்பியவள் சித்தப்பாவிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்த வருடம் எங்கள் அணியில் யாரும் பந்தைத் தாறுமாறாக அடிக்கவில்லை.

இருந்தாலும் மனசுக்குள் நான் மேனேஜராக இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் போனேன். பேண்ட்டுக்குள் கணைக்காலுக்குக் காப்பும் கட்டியிருப்பேன். ஆட்டக்காரிகளின் பெயர்ப் பட்டியலில் என் பெயரும் இருக்கும். சின்னப் போட்டிகளில் இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. உட்கார மாட்டேன். கோட்டோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். என் பிள்ளை ஒருத்தி பந்தைத் தவறவிட்டால், அவள் தவறவிட்டாள் என்று தோன்றாது. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றும். இப்படிப்பட்டவரிடம் ஒரு அணி என்ன கற்றுக்கொள்ளும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தஞ்சாவூரில் ஓர் அரையிறுதி. காய்ச்சலாலும் பரீட்சையாலும் பாதிப் பேர் வரவில்லை. இரண்டு மாற்று ஆட்டக்காரிகளையும் முதல் பாதியிலேயே இறக்கிவிட்டேன். ஆட்டம் சமநிலையில் இருந்தது. இடது ஓரத்தில் திவ்யா ஓடினாள். நான் ஆடிய இடம், என்னைவிட வேகம். பந்தோடு உள்ளே திரும்பியவள் கீழே விழுந்தாள்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது. ஆனாலும் என் இடது முழங்கால் சில்லிட்டது.

எழுந்து நின்றாள். நடந்து காட்டினாள். “ஒண்ணுமில்லக்கா. நான் ஆடுறேன்” என்று அங்கிருந்தே கையசைத்தாள்.

“வெளில வா.”

“நல்லாத்தான் இருக்குக்கா.”

“தெரியும். வா.”

சித்தப்பா அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தார். நான் சொல்லாமலே உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் உட்கார வைத்தார். நடுவர் என்னைப் பார்த்தார். “ஆள் இருக்காங்களாம்மா?”

மைதானத்தில் இருந்த பத்துப் பிள்ளைகளும் என் காலைப் பார்த்தார்கள். பூட்ஸ் இருந்தது. காப்பு இருந்தது. இடது ஓரம் காலியாக இருந்தது. என் கை தானாகப் பேண்ட்டின் நாடாவை அவிழ்த்தது. இன்னும் இருபது நிமிட ஆட்டம்தான், ஆடிவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அந்த ஆசையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பசி என்று சொல்லலாம்.

கோட்டைத் தாண்டப் போனவள் உள்ளே பார்த்தேன். எதிரணியின் மூன்று பேர் ஏற்கெனவே அந்தக் காலி இடத்தை நோக்கி நகர ஆரம்பித்திருந்தார்கள். என் பிள்ளைகள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனால் எனக்கும் அது தெரியாது. உள்ளே இருந்த காலத்தில் எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

“ஆள் இல்ல சார். பத்துப் பேரோட ஆடுறோம்” என்றேன். நாடாவை மறுபடி கட்டினேன். நடுக்களத்தில் இருந்தவளை இடது பக்கம் நகரச் சொல்லிக் கத்தினேன். மற்ற இருவரைப் பின்னால் இழுத்தேன். கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். ஆனால் அது வலது பக்கமாக வந்த கோல்.

திவ்யாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே வராந்தாவில் நானும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தோம். நடவு வயலிலிருந்து அப்படியே வந்த திவ்யாவின் அம்மா எங்களுக்கு எதிரே உட்கார மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

“டாக்டர் சொன்னா எனக்குப் புரியாதும்மா. நீங்க சொல்லுங்க. எம் பொண்ணு திரும்ப ஆடுமா?”

“படம் வரட்டும்மா. அதுக்கு முன்னாடி எதுவும் சொல்லக்கூடாது.”

“ஒங்களுக்கும் இதே மாதிரி ஆச்சுன்னு திவ்யா சொல்லியிருக்கு. நீங்க அடுத்த வருசம் எறங்கப் போறீங்களாமே. அப்ப இதுக்கும் சரியாயிடும்ல?”

பிள்ளைகளிடமும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். இத்தனை வருடமாக எளிதாக வந்த பதில்தான். வாயைத் திறந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

“இல்லம்மா” என்றேன். “நான் ஆட மாட்டேன். இனிமே ஆட மாட்டேன். கொஞ்ச நாள் ஆடினேன், கால் தாங்கல. அதோட முடிஞ்சுபோச்சு. திவ்யாவுக்கு அப்படித்தான் ஆகும்னு இல்ல. என்னோடத வச்சு அவளப் பாக்காதீங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் சித்தப்பா பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள்கள் குலுங்க.

“சித்தப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“அடுத்த வருசம், அடுத்த வருசம்னு நீ சொல்றப்பல்லாம் எனக்குத் தூக்கம் வராது கலை” என்றார். “இந்த வருசமாச்சும் ஆடிடணும்னு கோயில் கோயிலா வேண்டிகிட்டுக் கெடந்தேன். போதும்மா. இனிமே வேண்டிக்க மாட்டேன்.”

அவருக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நான் ஆடுவேன் என்று சொன்ன ஒவ்வொரு வருடமும் அவர் எனக்கு முதுகைக் காட்டிய அந்த வாசலிலேயே நின்றிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. எனக்கும் அழுகை வந்தது. முழங்காலுக்காக இத்தனை வருடம் அழுதிருக்கிறேன், இது வேறு அழுகை.

திவ்யாவுக்கு ஏ.சி.எல். தப்பித்திருந்தது. உள்பக்கத் தசைநார் இழுபட்டிருந்தது, அறுவை வேண்டாம். மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு என்றார். அவள் உடனே மூன்று வாரமாகக் குறைக்கப் பேரம் பேசினாள். முடியாது என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த ஆட்டத்துக்கு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். காலில் பெல்ட். ஒரு நிமிடம் சும்மா இல்லை. நகத்தைக் கடித்தாள், பாட்டிலைத் திறந்து மூடினாள், என் தோளை இடித்தாள்.

“இன்னும் எவ்ளோ நேரம்க்கா? முடியவே மாட்டேங்குது.”

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. ஆடிய காலத்தில் ஆட்டம் எனக்கு மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். காயத்தில் கிடந்தபோது ஒரு மதியம் ஒரு மாதம் போல நீளும். இப்போது இரண்டுமில்லை. ஒவ்வொரு நிமிடத்திலும் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள், எல்லோரையும் பார்க்க நேரம் இருந்தது.

வலது பக்கம் இடைவெளி விழுவது தெரிந்தது. எழுந்து கோட்டோரம் போய்க் குரல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவனித்தேன், எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று யோசிக்காமலே எழுந்து வந்திருக்கிறேன்.